பிள்ளைக்கு சாமி பேர் வைக்கிறதெண்டா எப்பிடித் தேடுறது

தங்கச்சிக்கு பொம்பிளைப் பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்கு ரெண்டு கிழமைதான் கிடந்துது, பேர் இன்னும் முடிவாகேல்ல, வீட்டில ஆளுக்கொரு போன் ஆளுக்கொரு லிஸ்ட். கடைசியில மாமன்காரன் நீதானே பார் எண்டு என்ர தலையில கட்டிவிட்டாங்க. அதில நான் படிச்சதை எழுதுறன், திருகோணமலைப் பக்கம் பேர் தேடுற ஆக்களுக்கு உதவும்.

முதல்ல, எழுத்தை வைச்சுத் தொடங்காதீங்கோ. 27 நட்சத்திரம், ஒவ்வொண்டுக்கும் 4 பாதம், மொத்தம் 108 எழுத்து, பிள்ளை பிறந்த பாதத்தின்ர எழுத்தில பேர் தொடங்கவேணும், இதுதான் சாத்திரிமார் பார்க்கிற கணக்கு. எங்கட மருமகள் திருவாதிரை மூண்டாம் பாதம், அதுக்கு வாற எழுத்து என்ன தெரியுமோ, ங! ங-வில என்னத்தை வைக்கிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போய் ஙா எண்டு அழவோ. ஐயர் சிரிச்சிட்டு அதே நட்சத்திரத்துக்கு கு, க, ச எல்லாம் இருக்குத்தானே அதில ஒண்டை எடுங்கோ எண்டிட்டார். அவ்வளவு இளக்கம் இருக்கிற விசயத்துக்கு நாங்கள் ரெண்டு நாள் மண்டையைப் போட்டு உடைச்சனாங்கள்.

அதைவிட நல்ல வழி, நட்சத்திரம் எந்தச் சாமிக்குரியது எண்டு பார்க்கிறது. திருவாதிரை சிவனுக்கு, திருவோணம் பெருமாளுக்கு, கார்த்திகையும் விசாகமும் முருகனுக்கு (விசாகன் எண்ட பேர் அதாலதான்), ரோகிணி கண்ணனுக்கு, புனர்பூசம் ராமருக்கு, பூரம் எண்டா ஆடிப்பூரம், அம்மனுக்கு. சாமி பிடிபட்டா பேர் தானா வரும், ஒரு சாமிக்கே ஆயிரம் பேர் சொல்லி அர்ச்சனை செய்யிறாங்க, பஞ்சமே இல்ல.

பிறகு எங்கட ஊருக்குள்ளயே ஒருக்கா தேடுங்கோ. கனபேர் இதை விட்டிட்டு நெட்டில எங்கயோ போய்த் தேடுறாங்க. திருக்கோணேச்சரத்துச் சிவன் கோணேசர் இருக்கிறார், சம்பந்தர் பதிகம் பாடின இடம், முந்தி எங்க பார்த்தாலும் கோணேஸ்வரன், கோணலிங்கம், கோணாமலை, கோணேஸ்வரி எண்டுதான் கூப்பிட்டாங்க, இப்ப அந்தப் பேரெல்லாம் தாத்தாமாரோட நிண்டுபோச்சு. அம்மன் மாதுமையாள், மாதுமை எண்ட பேர் எவ்வளவு வடிவு, ஒரு பிள்ளைக்கும் காணேல்ல. வெருகல் முருகன் சித்திரவேலாயுதர், சித்திரவேல் எண்டு வைக்கலாம். 18 சக்தி பீடங்களைச் சொல்லுற சுலோகம் தொடங்கிறதே இலங்கையில சங்கரி எண்டுதான், அது எங்கட கோணேசர் மலைதான் எண்டு சொல்லுவாங்க.

கருத்துப் பார்க்காம மட்டும் வைக்காதீங்கோ. ஹரி எண்டா பெருமாள், ஹரன் எண்டா சிவன், கடைசியில மட்டும்தான் வித்தியாசம். ஹரியின்ர பொம்பிளைப் பேர் ஹரிணி எண்டு நினைச்சு வைக்கிறவங்க இருக்காங்க, ஹரிணி எண்டா பெண்மான். நல்ல பேர்தான், ஆனா ஹரியின்ர பொம்பிளைப் பேர் எண்டு நினைச்சு வைச்சிருந்தா ஏமாற்றம். இந்திரா எண்டா இந்திரன்ர ஆள் இல்ல, லட்சுமி. அபர்ணா பார்வதி, தவம் இருக்கேக்க இலை கூட சாப்பிடாதவ எண்டு அர்த்தம், சாப்பாட்டுக்கு அடம்பிடிக்கிற பிள்ளைக்கு பொருத்தமா இருக்கும் எண்டு அம்மா சொன்னா. செந்தூரன் எண்டா திருச்செந்தூர் முருகன், ஐங்கரன் பிள்ளையார். பிள்ளையாருக்கு பொம்பிளைப் பேர் குறைவு, விக்னேஸ்வரி, கணேஸ்வரி எண்டு கொஞ்சம்தான்.

சாமி பேரை வைச்சிட்டு பிறகு பிள்ளையை எப்பிடி ஏசுறது எண்டு அப்பம்மா கேட்டா. நியாயமான கேள்வி. ஆனா பாகவதத்தில அஜாமிளன் எண்டவன் சாகேக்க மகனைத்தான் நாராயணா எண்டு கூப்பிட்டான், அதுக்கே மோட்சம் கிடைச்சுதாம். அதால ஏசுறதுக்கு ஒரு செல்லப்பேர், கூப்பிட சாமி பேர் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

முடிவெடுக்க முதல் ஒருக்கா படலையடியில நிண்டு சத்தமா கூப்பிட்டுப் பாருங்கோ. கடற்கரையில காத்துக்குள்ள கூப்பிடேக்க எடுபடாத பேர் வேண்டாம்.

கடைசி வேலை பதிவு. மூண்டு மாதத்துக்குள்ள பதிஞ்சிடுங்கோ, அதுக்குப் பிறகு போனா காலங்கடந்த பதிவு எண்டு வேற அலைச்சல். போக முதல் தமிழ் எழுத்தையும் இங்கிலீஷ் எழுத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் கொண்டு போங்கோ. கஜனுக்கு கே-யோ ஜீ-யோ, குகனுக்கு நடுவில எச் போடுறதோ எண்டு கவுண்டர்ல நிண்டு யோசிக்கேலாது. எங்கட வழக்கத்தில தகப்பன் பேர் முன்னுக்கு வரும், வெளிநாடு போனா அங்க அதைத்தான் பிள்ளையின்ர பேர் எண்டு கூப்பிடுவாங்க, என்னை ஒருக்கா எயார்போர்ட்டில அப்பாட பேரால கூப்பிட்டு நான் திரும்பிக்கூடப் பார்க்கேல்ல.

எங்கட வீட்டில கடைசியில ச எழுத்து, சிவன்ர நட்சத்திரம், ஊர் அம்மன் மூண்டும் சேர சங்கரி எண்டு பதிஞ்சாச்சு. அப்பம்மா மட்டும் இப்பவும் மாதுமை எண்டுதான் கூப்பிடுறா, பிள்ளையும் அதுக்குத்தான் சிரிக்குது.