பிளாட் வாங்கியவர்களுக்கு: ஃப்ரீஹோல்டர் அனுப்பும் பில்லை எப்படிப் பார்ப்பது?

லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், குராய்டன் பக்கம் முதன்முதலாக பிளாட் வாங்குகிறவர்கள் வீட்டுக்கடன் தவணையைத்தான் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். சாவி கைக்கு வந்த கொஞ்ச நாளில், பெயரே கேள்விப்படாத ஒரு கம்பெனியிடமிருந்து பில் வரும். நம் ஆட்களில் பாதிப் பேர் எதற்கு வம்பு என்று கட்டிவிடுகிறார்கள். மீதிப் பேர் கோபத்தில் கடிதத்தை மேசைக்குள் தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே உங்களுக்கு நல்லதல்ல.

சென்னையில் பிளாட் வாங்கினால் மனையில் பிரிக்கப்படாத பங்கும் (யூடிஎஸ்) உங்கள் பெயரில் பதிவாகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான பிளாட்டுகள் லீஸ்ஹோல்டு. 99, 125, 999 வருடம் என்று ஒரு காலத்துக்கான உரிமையைத்தான் வாங்குகிறீர்கள். நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டரிடம் இருக்கும். பல இடங்களில் அது ஒரு முதலீட்டுக் கம்பெனி. அவர்கள் சார்பில் வேலை பார்ப்பது மேனேஜிங் ஏஜென்ட். அவர்கள் எதைக் கேட்கலாம் என்பது உங்கள் லீஸில் எழுதியிருக்கும். அதில் இல்லாததைக் கேட்க முடியாது. அதனால் முதல் வேலை, சொலிசிட்டரிடமிருந்து லீஸ் பிரதியை வாங்கி உட்கார்ந்து படிப்பது. போரடிக்கும், ஆனாலும் படியுங்கள்.

கிரவுண்ட் ரென்ட், அதாவது நிலத்துக்கென்று ஃப்ரீஹோல்டர் கேட்கும் வாடகை பற்றிச் சுருக்கமாக: 2022 ஜூன் 30 முதல் எழுதப்படும் புதிய நீண்டகால லீஸ்களில், சில விதிவிலக்குகள் தவிர, அதைக் கேட்க முடியாது. பழைய லீஸில் இருந்தால் கட்டத்தான் வேண்டும். ஆனால் சட்டம் சொல்லும் படிவத்தில் நோட்டீஸ் அனுப்பிக் கேட்டால்தான் அது கட்ட வேண்டிய பணமாகிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் விதி இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். அந்த விதி பலரின் வீட்டை விற்க முடியாமல் செய்தது. சிஎம்ஏ என்கிற போட்டி ஆணையம் தலையிட்ட பிறகுதான் சில பெரிய கட்டுமான நிறுவனங்கள் அதை நீக்க ஒப்புக்கொண்டன.

பெரிய தலைவலி சர்வீஸ் சார்ஜ்தான். சுத்தம், லிஃப்ட், கூரை, இன்ஷூரன்ஸ், ஏஜென்ட் கட்டணம் எல்லாம் இதில் வரும். 1985ஆம் ஆண்டின் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டம் இங்கே உங்கள் கையில் இருக்கும் ஆயுதம். செலவு நியாயமானதாக இருக்க வேண்டும், வேலையும் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும் என்கிறது அது. பில்லுடன் உங்கள் உரிமைகள் பற்றிய சுருக்கத் தாள் இணைந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் அது வரும்வரை பணத்தை நிறுத்தி வைக்கலாம். செலவு செய்து 18 மாதம் கழித்து வந்து கேட்டால், அதற்குள் எழுத்தில் தெரிவித்திருந்தால் தவிர, அது செல்லாது. ஒரு பிளாட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் விழும் பழுது வேலை என்றால் முன்கூட்டியே உங்களிடம் முறைப்படி கருத்துக் கேட்க வேண்டும். செக்‌ஷன் 20 என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கேட்காமல் செய்துவிட்டு, தீர்ப்பாயத்திடம் விலக்கும் வாங்கவில்லை என்றால், உங்களிடம் வாங்கக்கூடியது 250 பவுண்டுதான். கூரைக்கு எட்டாயிரம் பவுண்டு என்று பில் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, “செக்‌ஷன் 20 நோட்டீஸ் எப்போது அனுப்பினீர்கள்?”

போனில் சண்டை போடாதீர்கள், எல்லாம் மின்னஞ்சலில் இருக்கட்டும். முதலில் செலவுக் கணக்கின் சுருக்கத்தைக் கேளுங்கள். அது வந்ததும் ஆறு மாதத்துக்குள் ரசீதுகளையும் பார்க்கக் கேட்கலாம். இன்ஷூரன்ஸில் யாருக்கு எவ்வளவு கமிஷன் போகிறது என்றும் கேட்டு வையுங்கள். அந்தக் கேள்விக்குச் சில ஏஜென்ட்டுகள் ரொம்ப மெதுவாகத்தான் பதில் சொல்வார்கள்.

சரி, அதுவரை கட்டுவதா, வேண்டாமா? முறையான பில் என்றால் பெரும்பாலும் என் ஆலோசனை, ஆட்சேபத்தை எழுத்தில் பதிவு செய்துவிட்டுக் கட்டுங்கள். பணம் கட்டியதாலேயே தொகையை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று சட்டமே சொல்கிறது, பிறகும் வழக்காடலாம். கட்டாமல் சும்மா இருந்தால் அவர்கள் கவுன்டி கோர்ட்டில் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கலாம், அல்லது கடன் கொடுத்த வங்கிக்கே எழுதலாம். வங்கி பயந்து பணத்தைக் கட்டி உங்கள் கடனோடு சேர்த்துவிடும். வீட்டையே பறிப்போம் என்று மிரட்டினால் பதற வேண்டாம். அதற்குப் பாக்கி 350 பவுண்டைத் தாண்ட வேண்டும், அல்லது மூன்று வருடத்துக்கு மேல் நிலுவையில் இருக்க வேண்டும். சர்வீஸ் சார்ஜ் என்றால், நீங்கள் ஒப்புக்கொள்ளாதவரை, தீர்ப்பாயமோ நீதிமன்றமோ தொகையை முடிவு செய்யாமல் அதற்கான நோட்டீஸைக்கூட அனுப்ப முடியாது.

அப்புறம் இந்தக் குட்டிக் கட்டணங்கள். வாடகைக்கு விட அனுமதி, பூனை வளர்க்க அனுமதி, தாமதத்துக்கு ஒரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு ஒரு கட்டணம். இவையும் நியாயமான தொகையாக இருக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டுச் சட்டம். வாடகை அனுமதிக்கு 40 பவுண்டும் வாட் வரியும் போதும் என்று மேல் தீர்ப்பாயம் 2012இல் சொன்னது. எல்லா வழக்குக்கும் அதே தொகை என்று இல்லை. ஆனாலும் 200 பவுண்டு கேட்கிறவருக்கு எழுதும் பதிலில் அதைக் குறிப்பிட்டால், தொகை இறங்க வாய்ப்பு உண்டு.

பேசித் தீரவில்லையென்றால் முதலில் ஏஜென்ட்டின் புகார் முறையில் எழுதுங்கள். இங்கிலாந்தில் ஒவ்வொரு ஏஜென்ட்டும் அரசு அங்கீகரித்த ஒரு குறைதீர்ப்புத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். நடத்தை, தாமதம் பற்றிய புகார்கள் அங்கே போகும். தொகை பற்றிய தகராறுக்கு, இங்கிலாந்தில், ஃபர்ஸ்ட்-டியர் டிரிபியூனல் என்கிற தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவு. மனுக் கட்டணம் நூறு பவுண்டுக்குச் சற்று மேல். விசாரணைக்குத் தனிக் கட்டணம் உண்டு. வக்கீல் இல்லாமலும் போகலாம். மனு போடும்போதே செக்‌ஷன் 20சி கோரிக்கையையும் (வழக்குச் செலவை சர்வீஸ் சார்ஜில் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு கேட்பது) சேர்த்துவிடுங்கள். மறந்தால், நீங்கள் ஜெயித்த வழக்கின் செலவே அடுத்த வருட சர்வீஸ் சார்ஜில் வந்து நிற்கலாம். படிவம் நிரப்புவதற்கு முன் அரசு நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்டு அட்வைசரி சர்வீஸில் இலவசமாகப் பேசிப் பாருங்கள்.

தனியாகப் போவதைவிட மாடியில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்வது நல்லது. கட்டடத்தின் பிளாட்டுகளில் பாதிக்குக் குறையாதவர்கள் சேர்ந்தால், ரைட் டு மேனேஜ் மூலம் நிர்வாகத்தையே உங்கள் கைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஏஜென்ட் தப்புச் செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை, ஃப்ரீஹோல்டை விலைக்கு வாங்கவும் தேவையில்லை. கணக்கு எழுத, கான்ட்ராக்டரைத் துரத்த யாராவது நேரம் ஒதுக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். 2024ஆம் ஆண்டு வந்த புதிய லீஸ்ஹோல்டு சட்டம் இன்னும் பல சலுகைகளைச் சொல்கிறது. ஆனால் அதன் பிரிவுகள் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை. யூடியூபில் ஒருவர் சொன்னார் என்று அதை நம்பி பணத்தை நிறுத்தாதீர்கள்.

பிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊருக்கு மாறினால், அல்லது ஊருக்கே திரும்பினால், புது முகவரியை ஃப்ரீஹோல்டருக்கும் ஏஜென்ட்டுக்கும் எழுத்தில் கொடுத்து, கிடைத்தது என்று ஒரு பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.