மோபி டிக்கை வகுப்பாகச் சேர்ந்து படிப்பது எப்படி

எம்.ஏ. ஆங்கிலத்தில் அமெரிக்க இலக்கியப் பேப்பர் என்றால் பல இடங்களில் ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ இருக்கும். 135 அத்தியாயம், கடைசியில் ஒரு எபிலாக், இரண்டு லட்சத்துக்கும் மேல் சொற்கள். செமஸ்டரில் இதற்கென்று ஒதுக்க முடிவது பதினைந்து மணி நேரம் இருக்கும். அதிலும் சிம்போசியம், ஸ்போர்ட்ஸ் டே என்று இரண்டு மூன்று போய்விடும். ஆசிரியர் கதையைச் சொல்லிவிடுவார். பிள்ளைகள் கைடு வாங்கி, வெள்ளைத் திமிங்கலம் எதன் குறியீடு என்று மனப்பாடம் பண்ணி, பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு வந்துவிடுவார்கள். புத்தகத்தை யாரும் திறந்திருக்கவே மாட்டார்கள்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இந்தப் பேப்பரை நான் எடுக்கிறேன். வகுப்பில் இருபது பேர் அளவுக்கு இருப்பார்கள். பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரி. சிலர் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். தனியாகப் படித்துவிட்டு வரச் சொன்னால் முப்பது பக்கம் தாண்டமாட்டார்கள். சேர்ந்து படித்தால் தாண்டுகிறார்கள். எப்படிச் சேர்வது என்பதில்தான் சூட்சுமம். நான் செய்வதை எழுதுகிறேன், உங்கள் ஊருக்கும் பிள்ளைகளுக்கும் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் நாளே முடிவைச் சொல்லிவிடுங்கள். கப்பல் மூழ்கும், கேப்டன் ஆஹாப் சாவான், கதை சொல்கிற இஷ்மெயில் மட்டும் பிழைப்பான். “மேம், அதையே சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு?” என்று ஒரு குரல் கட்டாயம் வரும். வரட்டும். 1851 அக்டோபரில் லண்டனில் முதலில் வெளியானபோது எபிலாக் விடுபட்டுப்போனது, எல்லோரும் செத்தபிறகு கதையைச் சொல்வது யார் என்று அங்கே விமர்சகர்கள் மடக்கியது, இதையெல்லாம் சொல்ல அதுதான் சரியான இடம். ஆஹாப் துரத்துகிற வெள்ளைத் திமிங்கலமான மோபி டிக் நேரில் தலைகாட்டுவதே கடைசி மூன்று அத்தியாயங்களில். அடுத்து என்ன ஆகும் என்ற ஆவலை நம்பி இந்த நாவலுக்குள் பிள்ளைகளை அனுப்பினால் பாதி வழியில் கோபித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

ஆசிரியர் வரலாற்றைப் பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். 1841இல் திமிங்கல வேட்டைக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தவர், அடுத்த வருஷமே பசிபிக் தீவொன்றில் கப்பலை விட்டு ஓடிப்போனவர், இந்த நாவல் விலைபோகாமல் கடைசியில் நியூயார்க் சுங்கத் துறையில் 19 வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தவர், 1891இல் சாகும்போது அநேகமாக மறக்கப்பட்டவர். போதும். சுங்கத் துறை என்றதும் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பின்பெஞ்சு நிமிர்ந்து உட்காரும்.

அடுத்த பயம் ஆங்கிலம். முதல் அத்தியாயத்தின் முதல் பத்தியிலேயே நீளமான வாக்கியம் ஒன்று நிற்கிறது. வாய் கடுகடுக்கும்போதெல்லாம், மனசுக்குள் நவம்பர் மாதத் தூறல் விழும்போதெல்லாம், சவப்பெட்டிக் கடைகளின் முன்னால் தன்னையறியாமல் நிற்கும்போதெல்லாம் என்று அடுக்கிக்கொண்டே போய், இனிக் கடலுக்குப் போக வேண்டியதுதான் என்று கடைசியில் முடியும். இதை முதலில் தமிழில் ஒரே வாக்கியமாகச் சொல்லிக் காட்டுங்கள். வினைமுற்றுக்காகக் கடைசிவரை காத்திருப்பது நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். பிறகு ஆங்கிலத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும், மூச்சு வாங்குகிற இடத்தில் மற்றவர்கள் பென்சிலால் கோடு போடட்டும். பாய்மரம், கயிறு பற்றிய சொற்களுக்கெல்லாம் அகராதியைப் புரட்ட வேண்டாம். கப்பலின் படம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் மூன்று ஜோடிகளை, படகுக்குத் தலைமை தாங்கும் அதிகாரியும் அவனுடைய ஈட்டிக்காரனுமாக, எழுதி வைத்தால் போதும்: ஸ்டார்பக்–குவீக்வெக், ஸ்டப்–டாஷ்டெகோ, ஃபிளாஸ்க்–டாகூ. மேலே ஆஹாப். யார் எந்தப் படகில் என்ற குழப்பம் போய்விட்டாலே பாதி பாரம் குறைந்துவிடும்.

பெயர்களின் பின்கதையை நீங்கள் சொல்லாதீர்கள், வகுப்பிலேயே ஆள் இருப்பார்கள். எங்கள் பக்கம் ஞாயிறு மறைக்கல்விக்குப் போன பிள்ளைகளுக்கு ஆகாப் ராஜா, எலியா, ராகேல் எல்லாம் அத்துப்படி. எட்டாம் அத்தியாயத்தில் ஃபாதர் மேப்பிள் கயிற்று ஏணியில் பிரசங்க மேடைக்கு ஏறி, ஏணியையும் மேலே இழுத்துக்கொள்வார், ஒன்பதாவதில் யோனாவைப் பற்றிப் பேசுவார். அந்தக் கதையை ஒரு மாணவி சொல்லட்டும். இஷ்மெயில் யார் என்று கேட்டால் இரண்டு பேர் எழுந்திருப்பார்கள். வேதாகமம் படித்த பையன் வனாந்தரத்துக்குத் துரத்தப்பட்ட பிள்ளை என்பான். காயல்பட்டினத்துப் பெண் இஸ்மாயில் நபியையும் ஹாஜரா அம்மையாரையும் ஜம்ஜம் ஊற்றையும் சொல்வாள். இரண்டையும் கேட்டபிறகு அந்தப் புகழ்பெற்ற முதல் வாக்கியத்தைப் படியுங்கள். எந்தக் கைடிலும் இந்தப் பாடம் கிடைக்காது.

இரண்டாம் வாரம் மேடை நாடகம். 36ஆம் அத்தியாயத்தில் ஆஹாப் பாய்மரத்தில் தங்க நாணயத்தை அறைந்து, வெள்ளைத் திமிங்கலத்தை முதலில் பார்ப்பவனுக்கு அது என்கிறான். அடுத்த மூன்றும் தனிமொழிகள். நாற்பதாவது அப்படியே நாடகம். பல தேசத்து மாலுமிகள் நள்ளிரவில் ஆடிப் பாடிச் சண்டை போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு வேடம் வந்துவிடும். அதில் லஸ்கர் மாலுமி ஒருவன் இருக்கிறான், நம் ஊர்க்காரன். பிரம்மாவின் மேல் ஆணையிட்டு, கங்கையே காற்றாக மாறி வருகிறது, சிவனே உன் கறுத்த புருவம் தெரிகிறது என்கிறான். பேசுவது இரண்டே வரி, ஆனால் அந்த வேடத்துக்குத்தான் அடிதடி. கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு ஒற்றை வரி மாலுமிகளைக் கொடுங்கள்.

இனிப் பங்கீடு. எல்லோரும் எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்று நினைத்தால் யாரும் எதையும் படிக்கமாட்டார்கள். ஐம்பது அத்தியாயம் எல்லோருக்கும் பொது. மீதி 85ஐப் பத்து ஜோடிகளுக்குப் பிரித்தால் ஜோடிக்கு எட்டு, ஒன்பது வரும். ஜோடி சேர்ப்பதில் கவனம் வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளையோடு படிக்காத பிள்ளையைச் சேர்க்காதீர்கள். ஒருத்தி எழுதுவாள், மற்றவள் பெயர் போட்டுக்கொள்வாள். ஒரே பஸ்ஸில் வருகிறவர்களைச் சேருங்கள், இல்லையென்றால் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருப்பவர்களை. திருச்செந்தூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் போகும்போது ஒரு அத்தியாயம், வரும்போது ஒரு அத்தியாயம் ஓடிவிடும். 122ஆம் அத்தியாயம் சில வரிகள்தான், இடியை நிறுத்து, ரம் கொடு என்று டாஷ்டெகோ புலம்புவது. அது கிடைத்த ஜோடியை மற்றவர்கள் பொறாமையோடு பார்ப்பார்கள்.

ஒவ்வொரு ஜோடியும் பொது நோட்டில் அத்தியாயத்துக்கு அரைப் பக்கம் எழுத வேண்டும்: என்ன நடக்கிறது, வகுப்பில் சத்தமாகப் படிக்கத் தகுந்த வாக்கியம் எது, தங்களுக்கு விடை தெரியாத கேள்வி எது. மூன்றாவதில் விடாப்பிடியாக இருங்கள். யூடியூப் சுருக்கத்தையோ சாட்ஜிபிடியையோ பார்த்து முதல் இரண்டையும் நிரப்பிவிடலாம். “ஏன் மேம் இவன் திமிங்கலத்தை மீன்னு சாதிக்கிறான்?” என்ற கேள்வி 32ஆம் அத்தியாயத்தைத் திறந்து பார்த்தவர்களிடமிருந்துதான் வரும். செமஸ்டர் முடிவில் அந்த நோட்டை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டால் கைடு வாங்க வேண்டியதில்லை.

பலரும் தாண்டிப்போகிற திமிங்கலத் தொழில் அத்தியாயங்களைத்தான் நான் நின்று நடத்துவேன். அறுபதாவது அத்தியாயம் வெறும் கயிற்றைப் பற்றியது. இருநூறு பாகத்துக்கு மேல் நீளம், முக்கால் அங்குலம்கூட இல்லாத பருமன், தாங்குவதோ கிட்டத்தட்ட மூன்று டன். ஈட்டி பாய்ந்ததும் திமிங்கலம் அதை இழுத்துக்கொண்டு ஓடும். உட்கார்ந்து படித்தால் இது தலையில் ஏறாது. வகுப்புக்கு ஒரு நைலான் கயிறு கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் மீன்பிடிக் குடும்பத்துப் பையன் ஒருவன் கொண்டுவந்தான். இரண்டு கைகளையும் விரித்து விரித்துப் பாகம் அளந்து காட்டினான். பிறகு பழைய பக்கெட்டில் வட்டம் வட்டமாகச் சுற்றி அடுக்கினான், ஒரு முறுக்குகூட விழாமல். முறுக்கு விழுந்தால் கையோ காலோ போய்விடும் என்று மெல்வில் எழுதியிருப்பதை அவன் படிப்பதற்கு முன்பே சொன்னான். பெஞ்சுகளைப் படகு மாதிரி இரண்டு வரிசையாகப் போட்டு, பக்கெட்டைப் பின்னால் வைத்து, கயிற்றை ஒவ்வொருவர் மடிமேலும் குறுக்கே விட்டு முன்பக்கம் கொண்டுபோனோம். இப்போது அத்தியாயத்தைப் படியுங்கள். நடுவில் முன்பெஞ்சு ஆள் சும்மா ஒரு இழுப்பு இழுத்தால் போதும், எல்லோரும் கையைத் தூக்கிவிடுவார்கள். 135ஆம் அத்தியாயத்தில் ஆஹாபின் கழுத்தில் விழுவதும் இதே கயிறுதான் என்று அப்போது சொல்ல வேண்டாம். படித்து வரும்போது தானாகப் பிடித்துக்கொள்வார்கள். அதே கயிற்றை 72ஆம் அத்தியாயத்துக்கும் வைத்துக்கொள்ளலாம், இரண்டு பேர் இடுப்பில் கட்டி.

திமிங்கலத்தின் குடலில் உண்டாகிற, வாசனைத் திரவியத்துக்கு விலைபோகிற பொருள் அம்பர்கிரிஸ். அதைப் பற்றிய அத்தியாயங்கள், 91உம் 92உம், எங்கள் கடற்கரையில் சொல்லவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம், ஆனாலும் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. செய்தித்தாள் துண்டோடு வகுப்புக்கு வரச் சொல்லுங்கள். நாவலில் பிரெஞ்சுக் கப்பலொன்று நாறிப்போன திமிங்கலத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் குடலில் அம்பர்கிரிஸ் இருக்கும் என்று ஊகித்த ஸ்டப், பிரெஞ்சுக் கேப்டனை வாயில் வந்தபடி திட்டுகிறான். இடையில் நிற்கும் துணை மாலுமி அதை அக்கறையான எச்சரிக்கையாக மாற்றிச் சொல்லி, திமிங்கலத்தைக் கைவிட வைக்கிறான். மூன்று பேரை விட்டு நடிக்கச் சொல்லுங்கள், ஸ்டப் திருநெல்வேலித் தமிழில் திட்டட்டும். தடித்த புத்தகம் என்ற பயம் எங்கள் வகுப்பில் போனது அன்றைக்குத்தான்.

நெருடலான இடங்களையும் தாண்டாதீர்கள். 64ஆம் அத்தியாயத்தில் கறுப்பினச் சமையற்காரக் கிழவரைச் சுறாக்களுக்குப் பிரசங்கம் பண்ணச் சொல்லி ஸ்டப் சீண்டுவான். அதை நடிக்க விடமாட்டேன். மௌனமாகப் படிக்கச் சொல்லி, யாருடைய சிரிப்புக்காக இது எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்பேன். “பொண்ணுங்களே இல்லையா மேம்?” என்ற கேள்வி எப்படியும் வரும். கேட்டவளிடமே பட்டியல் போடும் வேலையைக் கொடுங்கள். சூப் கொதிக்க வைக்கும் மிசஸ் ஹஸி, கப்பலுக்கு ஊறுகாயும் இஞ்சியும் சேர்க்கும் சேரிட்டி அத்தை, பெயரே இல்லாத ஆஹாபின் மனைவி என்று நீளும், ஆனால் ஒரு பக்கத்தைத் தாண்டாது.

காதால் கேட்டால்தான் பிடிபடும் என்கிறவர்களுக்கு 2012இல் இங்கிலாந்தில் தயாரான ‘மோபி டிக் பிக் ரீட்’ ஒலிப்பதிவு இணையத்தில் இலவசம். அத்தியாயத்துக்கு ஒரு குரல். முப்பதாவதை அப்போதைய பிரதமர் டேவிட் கேமரூன் படித்திருக்கிறார். ரொம்பச் சின்ன அத்தியாயம், புத்திசாலி.

99ஆம் அத்தியாயம் வரும்போது மேஜையில் பத்து ரூபாய் நாணயம் ஒன்றை வையுங்கள். பாய்மரத்தில் அறைந்த தங்கக் காசை ஒவ்வொருவராக வந்து பார்த்து, அவரவர் மனசில் இருப்பதை அதில் படித்துவிட்டுப் போகிறார்கள். கடைசியில் வருகிற சிறுவன் பிப், நான் பார்க்கிறேன், நீ பார்க்கிறாய், அவன் பார்க்கிறான் என்று இலக்கண வாய்ப்பாடு ஒப்பிக்கிறான். குறியீடு பற்றிய பத்து மதிப்பெண் கேள்விக்கு இங்கிருந்து விடை எழுதச் சொல்லுங்கள். கைடு விடையைவிட நன்றாக இருக்கும்.

கடைசி நான்கையும், 132 முதல் 135 வரை, துண்டு துண்டாக நடத்தாதீர்கள். சனிக்கிழமை மதியம் ஒன்று கேட்டு வாங்குங்கள், டீ, வடைக்குச் சொல்லிவிடுங்கள், பக்கத்துக்கு ஒருவராக மாறி மாறிச் சத்தமாகப் படித்து முடியுங்கள். மெல்வில் கப்பலேறிய ஊர்ப்பக்கம், நியூ பெட்ஃபோர்டு அருங்காட்சியகத்தில், வருஷாவருஷம் ஜனவரியில் முழு நாவலையும் இப்படிச் சுமார் 25 மணி நேரம் தொடர்ந்து படிக்கிறார்கள். நமக்கு மூன்று மணி நேரம் போதும்.

பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது, வகுப்பில் இதெல்லாம் நடக்கவில்லை என்கிறவர்களுக்கு: 1, 28, 36, 41, 42, 60, 94, 96, 99, 132, 133, 134, 135, எபிலாக். நாளைக்கு இரண்டு வீதம் ஏழு நாள். 42 புரியாவிட்டால் நின்றுவிடாமல் மேலே போங்கள். தனியாக மட்டும் உட்காராதீர்கள். பக்கத்து அறையில் தூங்குகிற யாரையாவது எழுப்பி, ஒரு பக்கம் நீங்கள் படியுங்கள், ஒரு பக்கம் அவர்களைப் படிக்க வையுங்கள்.