ராணுவ பீட்லாக் ரிம்மில் பெரிய டயர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் சின்னப் பையனாக இருந்தபோது, சேலத்தில் எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடையில் லாரி டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். டயரை ரிம்மில் பிடித்து வைக்கும் இரும்பு லாக் ரிங் கழன்று மேலே பறந்து, தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. கடைக்காரர் ஒதுங்கி நின்றிருந்ததால் பிழைத்தார். ராணுவத்திலிருந்து கழித்த பீட்லாக் ரிம்மை வாங்கி ஜீப்பில் மாட்டப் போகிறேன் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் அந்தக் கூரை ஓட்டைதான் நினைவுக்கு வருகிறது.

ஆசை வருவதில் தவறே இல்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்குள் போகும் பாதையை மழைக்காலத்தில் பார்த்தவர்களுக்கு இது புரியும். செம்மண் வழுக்கும், நடுவில் பாறை துருத்திக்கொண்டிருக்கும். பிடிமானம் வேண்டுமென்றால் காற்றை 10 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்க வேண்டும். ஆனால் சாதாரண ரிம்மில் டயரின் பீடு, அதாவது ரிம்மில் உட்காரும் தடித்த விளிம்பு, ரிம்மோடு அழுந்தி இருப்பது உள்ளே இருக்கும் காற்றால்தான். அதை இறக்கிவிட்டுப் பாறையில் பக்கவாட்டாக இடித்தால் பீடு நழுவி டயர் கழன்றுவிடும். பீட்லாக் ரிம்மில் இரண்டு பீடுகளையும் இரும்பே கவ்விக்கொள்கிறது. இரண்டாம் உலகப்போர் ஜீப்களின் காம்பட் ரிம் இந்த வகை: இரண்டு பாதிகளை நட்டு போட்டுச் சேர்ப்பது, நடுவே ஒரு வளையம், மேலே 6.00-16 டயர். அமெரிக்க ராணுவ வண்டியான ஹம்வீயின் ரிம்மும் இதே குடும்பம்தான். அளவு 16.5 அங்குலம், டயர் 37 அங்குலம், உள்ளே காற்று போனாலும் ஓட்ட உதவும் ரன்ஃபிளாட் வளையம்.

பீடு, நடு வளையம், இரு பாதிகளுக்கு நடுவே காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் ஓ-ரிங், நட்டு எல்லாமே ஒரே செட்டாகக் கணக்குப் போட்டுச் செய்தவை. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை, செட்டில் ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டதால் வந்தவை.

ஆளைக் கொல்கிற தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்று இருக்கும்போதே ரிம் நட்டில் ஸ்பானர் வைப்பது. 16 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 200 சதுர அங்குலம். 30 பிஎஸ்ஐ காற்று இருந்தால் 6,000 பவுண்டு, அதாவது சுமார் 2,700 கிலோ, பாதி ரிம்மை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. பழைய ஜீப் இரண்டின் எடைக்கும் மேல். காம்பட் ரிம்மில் இரண்டு வட்டமாக நட்டுகள் இருக்கும். உள்வட்டம் சக்கரத்தை வண்டியின் ஹப்பில் பிடிப்பது, வெளிவட்டம் ரிம்மின் இரு பாதிகளைப் பிடிப்பது. சக்கரம் கழற்றப் போனவர் வெளிவட்டத்தில் கை வைத்தால் அவ்வளவுதான். பிரிட்டிஷ் ராணுவ வண்டிகளில் இப்படிப்பட்ட நட்டுகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைப்பார்கள். நீங்களும் அடியுங்கள், இன்றைக்கே. ரிம்மைப் பிரிக்கும்போது வால்வு பின்னையே கழற்றிவிடுங்கள். சத்தம் நின்றதும் காற்று போய்விட்டது என்று நம்பாதீர்கள், சேறு அடைத்திருக்கலாம். ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்த பிறகுதான் நட்டு. திரும்பக் காற்று ஏற்றும்போது லாரி டயர் கடையின் இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளமான ஹோஸ் மாட்டி, எதிரே நிற்காமல் ஏற்ற வேண்டும்.

அடுத்தது டயர் அளவு. 16.5 ரிம்மில் 16 டயரை ஏற்றப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அரை அங்குலம்தானே என்று. வித்தியாசம் அரை அங்குலத்தோடு நிற்பதில்லை. 16 ரிம்மில் பீடு உட்காரும் இடம் 5 டிகிரி சாய்வு, 16.5 ரிம்மில் 15 டிகிரி. பீடு சரியாக உட்காராது. உட்காரவில்லையே என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காற்றை ஏற்றினால் பீடுக்குள் இருக்கும் கம்பி அறுந்து டயர் வெடிக்கும். இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. 16.5 அளவில் இன்று கிடைக்கும் டயர் வகைகளோ மிகவும் குறைவு. அதனால் ரிம் மலிவாகக் கிடைக்கிறதே என்று முதலில் அதை வாங்காதீர்கள். டயரை உறுதி செய்துவிட்டு, அதன் பக்கச் சுவரில் உள்ள அளவைப் படித்துவிட்டு, அதற்குப் பொருந்தும் ரிம்மைத் தேடுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது நடு வளையத்தில். ஹம்வீ ரிம்மில் நடு வளையமாக இருக்கும் ரன்ஃபிளாட் கனமாக இருக்கிறது என்று எடுத்துப் போட்டுவிட்டு, ரிம்மை மட்டும் சேர்த்து நட்டு போட்டுவிடுகிறார்கள். அப்போது பீடை உள்பக்கமிருந்து தாங்க ஒன்றுமே இல்லை. பார்வைக்குத்தான் பீட்லாக், வேலைக்குச் சாதாரண ரிம். வளையத்தை எடுத்தால் அதன் இடத்தில் வேறொரு வளையம் கட்டாயம் வர வேண்டும், அதன் அகலத்தை உங்கள் டயரை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். ஓர் உதாரணம்: இரு பாதிகளும் சேர்ந்தபின் உள்ளகலம் 209 மி.மீ., பீடு ஒவ்வொன்றும் 22 மி.மீ. என்றால் மிச்சம் 165. பீடு கொஞ்சம் நசுங்கினால்தான் பிடிப்பு வரும் என்பதால், வளையம் அதைவிட ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். பீடின் தடிமன் டயருக்கு டயர் மாறும். ஒரே டயரிலும் நாலு இடத்தில் அளந்து பாருங்கள்.

ஏற்காட்டில் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்காக நாங்கள் கடைந்த முதல் வளையம் அகலம் அதிகமாகிவிட்டது. ரிம்மின் இரு முகங்களும் ஒன்றையொன்று தொடவே இல்லை. நட்டை இறுக்க இறுக்க ஓ-ரிங் வழியாகக் காற்று கசிந்தது. ஸ்பானரில் பைப் மாட்டி இறுக்கினோம், நட்டு ஏறும் ஸ்டட் ஒன்று இழுபட்டுக் கழுத்து மெலிந்துபோனது. பிரித்து அளந்தால் 4 மி.மீ. கூடுதல். பைப்பைத் தேடியபோதே நிறுத்தியிருக்க வேண்டும். சரியான வளையமென்றால் சாதாரண இறுக்கத்திலேயே இரு முகமும் சேர்ந்துவிடும், நடுவில் தாள் கூட நுழையாது.

வளையத்தைப் பிவிசி குழாயில் வெட்டலாமா என்று கேட்பார்கள். எனக்கு அது பிடிக்காது, பாறையில் இடிபட்டால் சில்லு சில்லாக உடையக்கூடிய பொருள். லேத்தில் கடைந்த இரும்போ அலுமினியமோ நல்லது. அதில் வால்வுக்கு நேராகத் துளை போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் காற்று உள்ளே போக வழி இருக்காது.

வெல்டிங் விஷயத்துக்கு வருவோம். ஹம்வீ ரிம்மின் முகம் வெளிப்பக்கம் தள்ளி இருக்கும், ரிம்மின் பெரும்பகுதி வண்டியின் உள்பக்கமாகப் போய்விடும். ஹப்பில் உட்காரும் முகத்திலிருந்து ரிம்மின் உள் விளிம்பு வரை சுமார் 7 அங்குலம். நம் ஜீப்பில் அப்படியே மாட்டினால் டயர் ஸ்பிரிங்கில் உரசும். துளைகளும் பொருந்தாது. ஹம்வீக்கு 165.1 மி.மீ. வட்டத்தில் 8 துளை, பழைய ஜீப்புக்கும் மாருதி ஜிப்சிக்கும் 139.7 மி.மீ. வட்டத்தில் 5. அதனால் நடுத்தட்டை வெட்டி எடுத்துப் புதிய தட்டு பற்றவைக்கிறார்கள். பழைய துளைகளுக்கு நடுவே புதிய துளை போடுவதைவிட அது மேல். போட்டால் இடையில் மிஞ்சும் இரும்பு தாங்காது. ஆனால் டயர் ரிம்மில் இருக்கும்போது வெல்டிங்கோ காஸ் கட்டிங்கோ கூடவே கூடாது. காற்றை இறக்கியிருந்தாலும் சரி. சூட்டில் ரப்பர் ஆவியாகி உள்ளே எரிவாயு சேர்ந்து டயர் வெடித்த சம்பவங்கள் உண்டு. அலுமினியம், மெக்னீசியம் ரிம்களை இந்த வேலைக்கே எடுக்க வேண்டாம். இரும்பு ரிம்மிலும் ஒரே வீச்சில் சுற்றிப் பற்றவைத்தால் சூட்டில் கோணிவிடும். எதிரெதிர் இடங்களில் புள்ளி வைத்து, ஹப்பில் மாட்டிச் சுற்றவிட்டு, டயல் கேஜில் ஆட்டம் பார்த்து, ஆறவிட்டுத் துண்டு துண்டாக முடிக்க வேண்டும். ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தில் வெல்டிங் பொறி கூடப் படக்கூடாது. ஓ-ரிங்கை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

போல்ட், ஸ்டட் மாற்றினால் தலையில் 10.9 போல வலிமை எண் பொறித்ததை, பழையதன் வலிமைக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். எண்ணே இல்லாதது வீட்டு கேட்டுக்குப் போதும், இதற்கு வேண்டாம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். என் நண்பரின் வண்டி இதனால்தான் தோட்டத்துக்குள் மட்டும் ஓடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு, அது பிரேக். 6.00-16 டயரின் உயரம் சுமார் 28 அங்குலம். அதன் இடத்தில் 37 போட்டால், அதே வேகக் குறைப்புக்கு பிரேக் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுக்க வேண்டும். டயரின் எடைக்கு இன்னும் தனி. எஞ்சின் பிடிப்பில் ஏறக்குறைய கால்வாசி போய்விடும், முதல் கியரில் இறங்கினாலும் வண்டி முன்னைவிட வேகமாக உருளும். ஸ்பீடோமீட்டர் 40 காட்டும்போது வண்டி 53-இல் போகும். ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பழைய டிரம் பிரேக்கோடு அங்கே இறங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பழைய ஜீப்புக்கு 31 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். அதையும் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, ஒரு சக்கரத்தைக் கல்லில் ஏற்றி, எங்காவது உரசுகிறதா என்று பார்த்துவிட்டு.

நண்பரின் வண்டியில் ஒவ்வொரு நட்டிலிருந்தும் ரிம்முக்கு வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்திருக்கிறோம். முதல் 50 கிலோமீட்டரில் மூன்று கோடுகள் விலகியிருந்தன. டார்க் ரெஞ்சில் குறுக்கு மறுக்காக இறுக்கிக் கோட்டைப் புதிதாக இழுத்தோம். இப்போது தோட்டத்துச் சரிவில் இறங்கி முடித்ததும் இஞ்சினை அணைத்து, நான்கு ஹப்புக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்க்கிறார், அப்புறம் குனிந்து கோடுகளைப் பார்க்கிறார்.