ஊட்டிக் குளிரில் கமேலியா

தேயிலையும் கமேலியா என்ற பூச்செடியும் ஒரே பேரினம். தேயிலை வளரும் புளிப்பு மண்தான் இதற்கும் வேண்டும். மண்ணின் கார அமில அளவு (pH) 5.5 முதல் 6.5 வரை இருந்தால் போதும். இது தெரியாமல் என் முதல் செடியைச் சுண்ணாம்பு அடித்த சுவரோரம் நட்டேன். நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

ஆழமாக நடாதீர்கள். வேர்க்கட்டியின் மேல்பகுதி தரைமட்டத்துக்கு ஒரு விரல் உயரமாகவே இருக்கட்டும். வேர்கள் மேலாகவே ஓடும் என்பதால் அடியில் மண்வெட்டி போடக் கூடாது. சருகை மூடாக்காகப் பரப்புங்கள், தண்டை ஒட்டிக் குவிக்காமல்.

இடம்? டிசம்பர், ஜனவரியில் இங்கே உறைபனி விழும். பனி பிடித்த மொட்டில் காலை வெயில் சுள்ளென்று பட்டால் பழுப்பாகிக் கருகிவிடும். அதனால் கிழக்கு வெயில் நேராக விழாத, அரைநிழலான இடம் பாருங்கள்.

எல்லாரும் கேட்பது, "மொட்டு வந்து உதிர்ந்துடுதே?" என்றுதான். எனக்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணமாக இருந்தது. மழை நின்றதும் செடியை மறந்துவிட்டு, காய்ந்த பிறகு வாளி வாளியாக ஊற்றுவேன். இப்போது வாரம் இரண்டு முறை விரலை விட்டுப் பார்த்து, ஈரம் குறைந்தால் மட்டும் ஊற்றுகிறேன். தொட்டியில் இருந்தால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

கவாத்து பூ முடிந்த உடனே. தள்ளிப்போட்டால் அடுத்த பருவத்து மொட்டையே வெட்டிவிடுவீர்கள். எரு போடுவதும் அப்போதுதான், கொஞ்சமாக.