கணவாயை இறங்கும் பக்கத்திலிருந்து தேர்ந்தெடுங்கள்

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தது என்று செய்தி வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலும் அது தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கிய வண்டியாகத்தான் இருக்கும். ஏறுகிற வண்டிக்கு என்ன ஆகும்? இஞ்சின் சூடாகும், ஓரங்கட்டி நிற்கும், அவ்வளவுதான். முதுகில் பையைக் கட்டிக்கொண்டு, பாதையே இல்லாத கணவாயைக் கடக்கக் கிளம்புகிறவர்களுக்கும் இதே கதைதான்.

எனக்கு நில அளவைத் தொழில். இமாச்சலுக்குப் போகிற பையன்கள் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் அறைக்கு வருவார்கள். "அண்ணா, இந்தச் சாடில்ல ஏறிடலாமா?" என்பார்கள். சாடில் என்றால் இரண்டு உச்சிகளுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் முகடு, அதாவது கணவாய். ஏறிவிடலாம், அந்தப் பக்கம் எங்கே படுப்பீர்கள் என்று கேட்பேன். பாதிப் பேர் அந்தப் பக்கத்து வரைபடத் தாளையே எடுத்து வந்திருக்க மாட்டார்கள்.

முதலில் வரைபடம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்களில் மலைப்பகுதிக்குப் பொதுவாக 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கான்டூர் கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு. ஒரு ஸ்கேலை எடுத்து, ஏறும் வழியில் அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். 1 மில்லிமீட்டர் இருந்தால் தரையில் 50 மீட்டர் தூரத்துக்கு 20 மீட்டர் ஏற்றம். கிட்டத்தட்ட 22 டிகிரி. பையோடு நடக்கலாம், மூச்சுதான் வாங்கும். அரை மில்லிமீட்டர் என்றால் 39 டிகிரி. உதிரிக்கல் தானாக நிற்கிற சாய்வே ஏறத்தாழ 30-லிருந்து 37 டிகிரிக்குள்தான். ஆக, அரை மில்லிமீட்டர் இடைவெளி நீளமாக ஓடுகிற சரிவு பாறையாகவோ உறைந்த பனியாகவோ இருக்கும். கயிறு பழகாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

இந்தக் கணக்கு கைக்கு வர ஏற்காடுதான் நல்ல பள்ளிக்கூடம். கீழே சேலத்துக்கும் மேலே ஏற்காடு ஏரிக்கும் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். தாளை எடுத்துக்கொண்டு லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று கீழே பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ரோடு ஏன் அப்படி மடங்கி மடங்கி வருகிறது என்பது, தெற்குச் சரிவில் நெருக்கியடித்து ஓடும் கோடுகளைப் பார்த்தால் விளங்கிவிடும். மேலே ஏரியைச் சுற்றிக் கோடுகள் கலைந்து, அகன்று கிடக்கும். அப்புறம் கிழக்கே மஞ்சவாடி, மேற்கே தொப்பூர் இரண்டையும் தாளில் தேடுங்கள். இரு பக்கம் உயர்ந்து இரு பக்கம் தாழ்கிற அந்தக் குறுகலான இடுப்பு கண்ணுக்குப் பழகிவிட்டால், பெயரே போடாத கணவாயையும் எந்தத் தாளிலும் கண்டுபிடிக்கலாம். கண்ணால் மட்டும் பழகுங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்புக்காடு நிறைய. அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் பலியான காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு விதிகள் இறுகிவிட்டன, இறுகியதும் சரிதான்.

தாள் சொல்லாததும் ஒன்று உண்டு. 15 மீட்டர் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே முழுசாக ஒளிந்துகொள்ளும். கீழிருந்து வருகிறவன் அதைத் தலை நிமிர்த்திப் பார்த்துவிடுவான், சுற்றிப் போவான். மேலிருந்து வருகிறவனுக்கு அதன் விளிம்பில் கால் வைக்கும்போதுதான் தெரியும். அதனால் செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். சரிவில் கத்தியால் கீறியதுபோல் குறுக்கே ஒரு கறுப்பு நிழல் விழுந்திருந்தால் சந்தேகப்படுங்கள். வேறு வேறு மாதங்களில் எடுத்த படங்களையும் பாருங்கள்.

இதனால்தான் என் விதி: செங்குத்துப் பக்கம் ஏறுவதற்கு, தணிந்த பக்கம் இறங்குவதற்கு. இமாச்சலின் ஹம்ப்டா கணவாயில் (4,270 மீட்டர்) எல்லோரும் இதற்குத் தலைகீழாகத்தான் போகிறார்கள். குல்லு பக்கம் நிதானமாக ஏறி, மறுபுறம் ஷியா கோரு முகாம் பக்கம் சடாரென்று இறங்குகிறார்கள். அங்கே காலடிப் பாதை தேய்ந்து கிடக்கிறது, சரி. அதே நம்பிக்கையோடு பக்கத்து முகட்டில் பெயரில்லாத சாடிலுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

பனி விஷயம். வடக்கு பார்த்த சரிவில் பனி கடைசியாகத்தான் கரையும். தெற்கே காய்ந்த கல்லில் ஏறிப் போய், உச்சியில் நின்று எட்டிப் பார்த்தால் வடக்கே முழுக்க உறைபனி. கையில் பனியில் குத்திப் பிடித்துக்கொள்ளும் ஐஸ் ஆக்ஸ் இல்லை. ஜூனில் இது சகஜம். பழகாதவர்களுக்கு நான் செப்டம்பரைத்தான் சொல்வேன்: பனி குறைந்திருக்கும், மழையும் விலகிக்கொண்டிருக்கும். பனி உருகி வரும் ஓடை மத்தியானத்துக்கு மேல் பெருகும். இறங்கியதும் ஓடை தாண்ட வேண்டியிருந்தால், அதற்கு இந்தப் பக்கமே படுத்துவிட்டு விடிகாலையில் தாண்டுங்கள்.

நேரக் கணக்கில் பெரிய ஆள் ஆகாதீர்கள். பாறைக் குவியலில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தாலே பெரிய விஷயம். 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. தலைவலியோடு கணவாய் ஏறவே கூடாது. உச்சிக்கு எத்தனை மணிக்குள் வராவிட்டால் திரும்புவது என்பதை வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி நடக்க வேண்டிய நாள்களுக்கும் அரிசி, எண்ணெய் பையில் இருக்க வேண்டும்.

இமாச்சலில் தௌலாதார் மலைத்தொடர் பக்கம் கத்தி (Gaddi) என்னும் இனத்து இடையர்கள் மந்தையோடு கணவாய்களைத் தாண்டுகிறார்கள். அவர்களைக் கேளுங்கள். "போகலாமா?" என்று கேட்டால் போகலாம் என்றுதான் சொல்வார்கள், அவர்கள் கால் அப்படி. "இந்த வருஷம் ஆடு போச்சா, எந்த மாசம் போச்சு, அந்தப் பக்கம் முதல் தண்ணி எங்கே?" என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் இருந்தால் வேறு கணவாய் பாருங்கள்.

கடைசியாக, வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிற செயற்கைக்கோள் தகவல் கருவியை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். உரிமம் இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பது சட்ட விரோதம், பிடிபட்டவர்கள் உண்டு. வரைபடத்தின் நகலில் வழி, படுக்கும் இடங்கள், திரும்பும் தேதி எல்லாம் குறித்து வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். அந்தத் தேதி தாண்டினால் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.