மாடல் ரயிலுக்கு கன்ட்ரோல் சிஸ்டம் வாங்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

சேலம் ஜங்ஷனை மொட்டை மாடி அறையில் மாடலாகக் கட்டுபவரும், மேட்டூர் அணை கிளைப் பாதையில் ஒரே ஒரு நிலக்கரி வண்டியை ஓட்டிப் பார்ப்பவரும் கடையில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்த சிஸ்டம் பெஸ்ட்?" முதல் தவறே அதுதான். ஒரே நேரத்தில் எத்தனை இன்ஜின் நகரப் போகிறது, எத்தனை பேர் ஓட்டப் போகிறார்கள் என்ற இரண்டுக்கும் பதில் தெரியாமல் விலைப்பட்டியலைப் புரட்டிப் பயனில்லை.

மேட்டூர் பாதைக்காரருக்குப் பழைய அனலாக் கன்ட்ரோலரே போதும். தண்டவாளத்தில் 0 முதல் 12 வோல்ட் டிசி போகும். வோல்ட்டேஜ் ஏறினால் வேகம் கூடும், துருவம் மாறினால் வண்டி பின்னால் போகும். ஜங்ஷனில் இது கதைக்கு ஆகாது. ஒரு இன்ஜின் ஷண்டிங் செய்யும்போது அதே பாதையில் நிற்கும் இன்னொன்றும் கூடவே நகரும். அதைத் தடுக்கத் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்விட்ச் வைக்க வேண்டும். ஸ்விட்ச் பத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) பக்கம் போய்விடலாம். டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் 14, 15 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சிறு சர்க்யூட் தன் முகவரிக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்டு மோட்டாரை ஓட்டும்.

"டிசிசி என்றால் எல்லாம் ஒன்றுதானே?"

அதிகப் பணம் வீணாவது இந்த நம்பிக்கையால்தான். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்க மாடல் ரயில்காரர்களின் சங்கமான என்எம்ஆர்ஏ 1990-களில் டிசிசியைத் தரநிலையாக்கியது. அந்தத் தரநிலை கட்டுப்படுத்துவது தண்டவாளத்தையும் டிகோடரையும்தான். அதனால் எந்த கம்பெனி டிகோடரும் எந்த கம்பெனி கமாண்ட் ஸ்டேஷனோடும் (கட்டளை அனுப்பும் பெட்டி) ஓடும். ஆனால் கமாண்ட் ஸ்டேஷனுக்கும் கையில் பிடித்து வண்டியை ஓட்டும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள இணைப்பு முறை ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு விதம். டிஜிட்ராக்ஸுக்கு லோகோநெட், லென்ஸுக்கு எக்ஸ்பிரஸ்நெட், என்சிஇக்கு கேப் பஸ்.

இதில் ஒரு பொறி உண்டு. இவற்றில் பலவற்றுக்கும் டெலிபோன் ஒயர் மாதிரியான அதே ஆறு கம்பி பிளக்தான். ஒன்றின் த்ராட்டில் இன்னொன்றின் சாக்கெட்டில் அழகாகப் பொருந்தும், ஆனால் வேலை செய்யாது. கம்பிகளின் வரிசை வேறு என்பதால் கருவி பழுதாகவும் வாய்ப்பு உண்டு. நண்பர் வீட்டு த்ராட்டிலைக் கொண்டுவந்து செருகிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

ஆக, டிகோடர் எந்த பிராண்ட் என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை; அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உங்களைக் கட்டிப்போடுவது த்ராட்டில்தான். வாங்கும் முன் அதைக் கையில் பிடித்து ஓட்டிப் பாருங்கள். வேகத்துக்குத் திருகும் குமிழ் இருக்கிறதா, வெறும் பட்டனா? தண்டவாளத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவசர நிறுத்தத்தை விரல் தேடிப் பிடிக்கிறதா? ஊரில் ஏற்கெனவே இரண்டு பேர் ஒரே சிஸ்டம் வைத்திருந்தால் அதையே வாங்குவது எத்தனையோ நல்லது. பழுதானால் மாற்றிப் போட்டுச் சோதிக்க ஒரு பெட்டி கிடைக்கும்.

போனையே த்ராட்டிலாக்கும் வசதி இப்போது பல சிஸ்டங்களில் வந்துவிட்டது. விருந்தாளிகளுக்கு அருமையான ஏற்பாடு. முழு நேர ஷண்டிங்குக்கு வழுவழுப்பான திரை சரிப்படாது என்பது எங்கள் கட்சி.

ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி தனி உலகம். அதன் எச்ஓ (1:87 அளவு) தண்டவாளத்தில் நடுவே வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். இன்ஜினுக்கு அடியில் உள்ள சறுக்குப் பட்டை அங்கிருந்து மின்சாரம் எடுக்கும். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே இன்சுலேஷன் இருக்காது. அந்த வண்டியைச் சாதாரண இரட்டைத் தண்டவாளத்தில் வைத்தால் உடனே ஷார்ட்தான். பழைய மார்க்லின் செட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, மற்ற வண்டிகளோடு கலக்க முடியாது.

ஆம்பியர் கணக்கு

"5 ஆம்பியர் இருந்தால் பின்னால் உதவும்" என்று பெரியதை வாங்குவது எச்ஓவைவிடச் சிறிய 'என்' (N) ஸ்கேல்காரர்களுக்கு ஆபத்து. வண்டி தடம் புரண்டு ஷார்ட் ஆகும்போது, 14 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால் 70 வாட் அந்தச் சிறு சக்கரத்தின் வழியே பாயும். கமாண்ட் ஸ்டேஷன் ட்ரிப் ஆகாவிட்டால் பிளாஸ்டிக் உருகிவிடும். எச்ஓவில் நாலைந்து இன்ஜின் ஓட 3 ஆம்பியர் தாராளம்.

டிகோடருக்குப் பார்க்க வேண்டியது மோட்டாரின் ஸ்டால் கரண்ட், அதாவது சுழல முடியாமல் நிற்கும்போது அது இழுக்கும் கரண்ட். 12 வோல்ட் டிசியில், மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துத் தொடராக இணைத்து, சக்கரத்தை ஒரு விநாடி மட்டும் பிடித்து நிறுத்தி அளக்க வேண்டும். 1.3 ஆம்பியர் காட்டினால் 1 ஆம்பியர் டிகோடர் தாங்காது. ஏற்காட்டுக்கு நிஜத்தில் ரயில் இல்லை என்பதாலேயே கற்பனையில் ஒரு மலைப்பாதை கட்டும் ஆசை இங்கே பலருக்கு வரும். ஏற்றத்தில் கரண்ட் கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மலையுச்சியில் வண்டி வளையம் போட்டு வந்த பாதையிலேயே திரும்பினால், இடது தண்டவாளம் வலதோடு போய்ச் சேர்ந்து ஷார்ட் ஆகும். வளையத்தின் இரு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டி, நடுவே துருவத்தைத் தானே மாற்றும் ஆட்டோ ரிவர்சர் போட வேண்டும். வெட்டிய பகுதி ஓடும் வண்டியின் நீளத்தைவிட நீண்டிருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பார்சல்

அடாப்டரின் அடியில் "120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் அது புகைந்துவிடும். "100–240" என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அடாப்டரை ஒதுக்கிவிட்டு, கையேடு சொல்லும் அதே டிசி வோல்ட்டேஜும் ஆம்பியரும் கொண்ட நல்ல எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை ஒன்றை இங்கேயே வாங்கலாம். கையேடு ஏசி கேட்டால் டிரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும். வயர்லெஸ் த்ராட்டிலில் இன்னொரு சிக்கல்: அமெரிக்க மாடல்கள் சில 916 மெகாஹெர்ட்ஸ் அருகில் இயங்கும். இந்தியாவில் அந்தப் பக்கம் உரிமமில்லாமல் அனுமதித்திருப்பது 865–868 மட்டும். வைஃபை உள்ளதாக வாங்கினால் தலைவலி இல்லை.

ஆர்டுயினோ மெகா என்ற சர்க்யூட் போர்டு, அதன் மேல் செருகும் மோட்டார் ஷீல்ட் இரண்டையும் வைத்து டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருளில் சொந்தமாகக் கட்டுவது மலிவு, நல்ல தேர்வும்கூட. ஷீல்டின் அடியில் உள்ள "வின் கனெக்ட்" இணைப்பை வெட்டாமல் 15 வோல்ட் கொடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அந்த வோல்ட்டேஜ் நேராக ஆர்டுயினோவுக்குப் போய் அதைச் சுட்டுவிடும். ஷீல்டில் உள்ள எல்298 சிப் தானே சுமார் 2 வோல்ட் தின்றுவிடும் என்பதால் தண்டவாளத்தில் 13 வந்தால் பதற வேண்டாம்.

பழைய இன்ஜின்

பழைய அனலாக் இன்ஜின்கள் பலவற்றில் மோட்டாரின் ஒரு பிரஷ் சேசிஸை (உலோக அடிச்சட்டம்) தொட்டுக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்காமல் டிகோடர் போட்டால் முதல் நொடியிலேயே டிகோடர் போய்விடும். ஒயர்களைக் கழற்றிய பின் மோட்டாரின் இரு முனைகளுக்கும் இரு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே மல்டிமீட்டர் பீப் அடிக்கவே கூடாது. டிகோடர் இல்லாத இன்ஜினை முகவரி 0-வில் ஓட்டலாம் என்று சில சிஸ்டங்கள் இடம் கொடுக்கும். ஆனால் நிற்கும்போதே மோட்டார் கீச்சிட்டுச் சூடாகும். கோர்லெஸ் (நடுவே இரும்பு இல்லாத) மோட்டார் என்றால் கருகிவிடும்.

ஒயரில் மிச்சம் பிடிப்பது

சிஸ்டத்தைக் குறை சொல்பவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு மேசைக்கு அடியில்தான் இருக்கிறது. 8 மீட்டர் நீளத்துக்கு 0.5 சதுர மி.மீ. ஒயர் இழுத்தால், போக வர 16 மீட்டரில் 3 ஆம்பியருக்கு ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். அதே தூரத்துக்கு வீட்டு ஒயரிங்கில் போடும் 1.5 சதுர மி.மீ. போட்டால் அரை வோல்ட் அளவில் நிற்கும். மெல்லிய ஒயரை மெயின் ஒயரிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் இறக்குங்கள். முடிந்ததும் தூரத்து மூலைகளில் ஒரு ரூபாய் நாணயத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே வையுங்கள். கமாண்ட் ஸ்டேஷன் உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஆகாத இடத்தில் இன்னொரு ஃபீடர் (இறக்கும் ஒயர்) தேவை. ஏற்காட்டுப் பனியில் தண்டவாளம் சீக்கிரம் கறுக்கும். உப்புத்தாள் போடாமல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்.

புது டிகோடரின் முகவரி 3. அதை மாற்றும்போது, புரோகிராமிங்குக்கென்று தனி அவுட்புட் இல்லாத சிஸ்டமாக இருந்தால் மற்ற எல்லா இன்ஜின்களையும் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அத்தனைக்கும் ஒரே முகவரி பதிந்துவிடும். கையோடு டிகோடரின் அமைப்புகளில் ஒன்றான சிவி29-ஐயும் பாருங்கள். அதில் 6 இருந்தால் 2 ஆக்குங்கள்; அனலாக்கில் ஓடும் அனுமதி நீங்கும். கரண்ட் போய் வரும்போது சில இன்ஜின்கள் முழு வேகத்தில் பாய்ந்து மேசையிலிருந்து விழுவது இந்த அனுமதியால்தான்.