விம்பிள்டன் – குரோய்டன் டிராம்: ஏறுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

தெற்கு லண்டனில் விம்பிள்டனிலிருந்து மிட்சம் வழியாகக் குரோய்டன் போகும் டிராம், பெரும்பகுதி பழைய ரயில் தடத்தில்தான் ஓடுகிறது. 1855இல் திறந்த அந்தப் பாதையில் 1997 மே மாதத்தோடு ரயில் நின்றது. 2000இல் டிராம் வந்தது. தடம் ரயிலுடையது, கட்டண விதியோ பஸ்ஸுடையது. புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

மெர்டன் பார்க், மிட்சம் போன்ற ஸ்டாப்புகளில் டிக்கெட் கேட்டும் (நுழைவுக் கதவு) கிடையாது, கவுண்டரும் கிடையாது. டிக்கெட் மெஷின்களையும் 2018இல் எடுத்துவிட்டார்கள். உள்ளே ஏறியும் டிக்கெட் வாங்க முடியாது. பிளாட்பாரத்து கார்டு ரீடரில் ஆய்ஸ்டர் கார்டையோ (லண்டன் பயணத்துக்கு முன்பணம் போட்டு வைக்கும் கார்டு) கான்டாக்ட்லெஸ் பேங்க் கார்டையோ டச் செய்து, பச்சை விளக்கைப் பார்த்த பிறகே ஏறுங்கள். இறங்கும்போது டச் செய்ய வேண்டாம்.

விம்பிள்டன் மட்டும் விதிவிலக்கு. டிராம் நிற்பது ரயில் நிலையத்துக்குள், 10ஆம் பிளாட்பாரத்தில். அதனால் நுழையும்போது கேட்டில் ஒரு தடவை, டிராம் பிளாட்பாரத்து ரீடரில் இன்னொரு தடவை டச் செய்ய வேண்டும். இரண்டாவதை விட்டால் நீங்கள் ரயிலேறிப் போய் எங்கேயும் டச் செய்து வெளியேறாமல் இருப்பதாகக் கணக்காகி, அதிகபட்சக் கட்டணம் பிடிக்கப்படும். அங்கே வந்து இறங்குபவர்கள் கேட்டில் டச் செய்துதான் வெளியே போக முடியும். மிட்சம் ஜங்ஷனில் ரயிலும் நிற்கும். டிராமுக்கான ரீடர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் டச்சிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு டிராமோ பஸ்ஸோ ஏறினால் மறுபடி காசு போகாது. ஆனால் அதே கார்டாக இருக்க வேண்டும். ஒரே பேங்க் கணக்காக இருந்தாலும் போனும் பிளாஸ்டிக் கார்டும் இரண்டு வெவ்வேறு கார்டுகள்தான். ரயிலுக்கும் டியூபுக்கும் (லண்டன் நிலத்தடி ரயில்) இந்தச் சலுகை இல்லை.

திரும்பும்போது ஒரு குழப்பம் வரும். குரோய்டன் நடுவில் தடம் ஒருவழி வட்டம். விம்பிள்டனிலிருந்து வரும் டிராம் வெஸ்ட் குரோய்டனில் நிற்கும். விம்பிள்டன் போகும் டிராம் அங்கே வரவே வராது. சர்ச் ஸ்ட்ரீட் ஸ்டாப்புக்கு நடந்து போய் ஏறுங்கள்.

டிராமின் கதவு தானாகத் திறக்கும் என்று நிற்காதீர்கள், பட்டனை அழுத்துங்கள். பிளாட்பாரம் தரையிலிருந்து சுமார் 35 செ.மீ. உயரம்தான், டிராமின் தளத்தோடு ஏறக்குறைய சமம்; குழந்தை வண்டியைத் தூக்க வேண்டியதில்லை. பழைய ரயில் பிளாட்பாரம் இதைவிட இரண்டரை மடங்கு உயரம். இப்போது தடத்தின் மேலேயே நடந்து கடக்கலாம். ஆனால் டிராம் அதிகம் சத்தம் போடாது, பழைய ரயில் தடத்தில் மணிக்கு 70 கி.மீ. வரை போகும். ஒரு டிராம் நின்றிருந்தால் அதன் பின்பக்கமாகச் சட்டென்று குறுக்கே போகாதீர்கள், எதிர்த் தடத்தில் இன்னொன்று வந்துகொண்டிருக்கலாம். சில இடங்களில் ஒற்றைத் தடம்தான். அங்கே இரண்டு திசையிலிருந்தும் டிராம் வரும் என்பதால் இருபக்கமும் பார்த்தே கடக்க வேண்டும்.